கட்டிக்குள் என்ன நடக்கிறது? புற்றுநோயில் எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கான் அறையில் வேலை செய்கிறவர்களுக்கு வாசலில்தான் கேள்விகள் அதிகம் வரும். பெரிய டொக்டரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் எங்களிடம் கேட்பார்கள். ஒருநாள் ஒரு அம்மா மகனுடைய மூளை ஸ்கான் தாள்களை மடியில் விரித்து வைத்திருந்தார். அதில் ஒரு தாளை மட்டும் தூக்கிக் காட்டி, "தம்பி, மற்றதெல்லாம் தலைப் படம் எண்டு விளங்குது. இதில படத்தைக் காணேல்லை, காய்ச்சல் சாட் மாதிரி ஒரு கோடுதான் ஏறி இறங்குது. பிழையாக் குடுத்திட்டாங்களோ?" என்று கேட்டார்.

பிழையில்லை. அந்தக் கோடுதான் எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபி. அன்றைக்கு வாசலில் நின்றபடி சொல்லி முடிக்க முடியாததை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். எங்கள் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியரான டொக்டர் கிறீன் 19 ஆம் நூற்றாண்டிலேயே மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்தார். அந்த மண்ணில் இருந்துகொண்டு, "இதெல்லாம் தமிழில் சொல்ல ஏலாது" என்று நாங்கள் ஒதுங்கக் கூடாது. ஆனால் நான் ஸ்கான் எடுக்கிற ரேடியோகிராபர்தான். உங்கள் வீட்டு நோயாளியின் ரிப்போர்ட்டுக்கு முடிவு சொல்ல வேண்டியவர் அவரைப் பார்க்கிற வைத்தியர்.

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. பிறகு இது எதற்கு?

எம்.ஆர்.ஐ. கட்டியின் உருவத்தைக் காட்டும். எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, சுற்றிவர வீக்கம் உண்டா என்பதெல்லாம் அதில் தெரியும். ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிறவை உள்ளுக்குள் வேறு வேறாக இருக்கலாம். மருந்தேற்றி எடுத்த படத்தில் ஓரம் மட்டும் வளையமாக ஒளிரும் ஒரு மூளைக்கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது வேகமாக வளரும் புற்றாக இருக்கலாம், சீழ்க்கட்டியாக இருக்கலாம், காசநோயால் வந்த கட்டியாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் மூன்று விதம்.

அதே இயந்திரத்தில், அதே கட்டிலில் படுத்தபடியே, அந்த இடத்தில் என்னென்ன இரசாயனங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று பார்ப்பதுதான் ஸ்பெக்ட்ரோஸ்கோபி. ரோட்டில் நின்று வீட்டைப் படம் எடுப்பது எம்.ஆர்.ஐ. என்றால், குசினிக்குள் என்ன வேகிறது என்று வாசனையை வைத்துச் சொல்வது இது.

காந்தத்துக்கு இரசாயனம் எப்படித் தெரியும்?

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குப் பரிவு என்ற சொல் ஞாபகம் இருக்கும். ஒரு பொருளுக்கென்று உள்ள அதிர்வெண்ணில் தட்டினால் அது நன்றாக அதிரும், வேறு எதில் தட்டினாலும் சும்மா இருக்கும். எங்கள் உடம்பில் உள்ள ஐதரசன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். வலுவான காந்தப்புலத்துக்குள் போனால் அதற்கும் ஒரு பரிவு அதிர்வெண் வந்துவிடும். 1.5 டெஸ்லா இயந்திரத்தில் அது ஏறக்குறைய 64 மெகாஹேர்ட்ஸ், 3 டெஸ்லாவில் ஏறக்குறைய 128. நாங்கள் பாட்டுக் கேட்கும் எஃப்.எம். வானொலி 88 முதல் 108 வரை. அதாவது அதற்குக் கொஞ்சம் கீழே ஒன்று, கொஞ்சம் மேலே ஒன்று.

எல்லா ஐதரசனும் அச்சொட்டாக ஒரே அதிர்வெண்ணில் பதில் சொல்வதில்லை. பக்கத்தில் எந்த அணுக்கள் இருக்கின்றன, அவற்றின் இலத்திரன்கள் எப்படிச் சூழ்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றும் இம்மியளவு விலகும். அந்த விலகலைப் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்று அளப்பார்கள். ரிப்போர்ட்டில் பி.பி.எம். என்று போட்டிருப்பது அதைத்தான். கோலினில் உள்ள ஐதரசன் 3.2 இல் நிற்கும், லக்டேட்டில் உள்ளது 1.3 இல் நிற்கும். ஆளைப் பார்க்காமல் குரலை வைத்து இன்னார் என்று சொல்கிற மாதிரி, நிற்கும் இடத்தை வைத்து இன்ன இரசாயனம் என்று சொல்லலாம்.

கஷ்டம் எங்கே என்றால் தண்ணீரில். உடம்பில் நிறைந்திருப்பது தண்ணீர்தான். நாங்கள் தேடும் இரசாயனங்களின் சத்தம் தண்ணீரின் சத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். நல்லூர்த் தேரன்று தெற்கு வீதியில் நின்றுகொண்டு ஒரு பிள்ளையின் கொலுசுச் சத்தத்தைப் பிடிக்கிற வேலை. அதனால் முதலில் தண்ணீரின் சத்தத்தை அடக்க வேண்டும். அந்த இடத்தில் காந்தப்புலத்தை ஒரே சீராக்க வேண்டும். பிறகு ஒரே அளவீட்டை நூறு தடவைக்கு மேல் எடுத்துக் கூட்டிச் சேர்க்க வேண்டும். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

இது புதுசா? 'நியூக்ளியர்' என்று யாரோ சொன்னார்கள், பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை. 1946 இல் பெலிக்ஸ் புளொக், எட்வர்ட் பேர்செல் என்ற இருவர் தனித்தனியாக இந்தப் பரிவைக் கண்டுபிடித்தார்கள். 1952 இல் பௌதிகவியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. வைத்தியர்களின் கைக்கு வருவதற்கு முன்பே இரசாயனவியலாளர்கள் இதைப் பல வருடம் பாவித்துவிட்டார்கள். 1971 இல் ரேமண்ட் டமாடியன் எலிகளின் கட்டிகளை எடுத்து அளந்து, புற்றுத் திசுவின் காந்தப் பதில் நல்ல திசுவின் பதிலிலிருந்து வேறுபடுகிறது என்று காட்டினார். போல் லோட்டர்பர் இதை வைத்துப் படம் எடுத்துக் காட்டியது 1973 இல்தான். ஆக, புற்றுநோய் பற்றிய கேள்வி எம்.ஆர்.ஐ. படத்துக்கு முன்னமே இந்தத் துறைக்குள் வந்துவிட்டது.

'நியூக்ளியர்' என்பது இங்கே அணுக்கருவைத்தான் சொல்கிறது. அணுகுண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கானிலும் உள்ள கதிர்வீச்சு இதில் இல்லை. இதன் பழைய பெயர் என்.எம்.ஆர்., அதாவது நியூக்ளியர் மக்னெட்டிக் ரெசொனன்ஸ். சனங்கள் மிரளக் கூடாது என்றுதான் ஆஸ்பத்திரிகளில் அந்த முதல் சொல்லை எடுத்துவிட்டார்கள்.

அந்தக் கோட்டில் எதைப் பார்க்கிறார்கள்?

தாளைக் கையில் எடுங்கள். அடியில் எண்கள் வலது பக்கத்தில் 0 இல் தொடங்கி இடது பக்கம் 4 வரை போகும். மூளையில் முக்கியமாக, கோட்டில் கூராக எழும் மூன்று கொம்புகளைப் பார்ப்பார்கள்.

வலப்பக்கம் 2.0 இல் உயரமாக நிற்பது என்.ஏ.ஏ. இது நல்ல நரம்புக்கலங்களின் அடையாளம். நரம்புக்கலங்கள் அழிந்தாலும், கட்டி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டாலும் இது குட்டையாகும். 3.0 இல் கிரியேட்டின், கலங்களின் சக்தி வரவு செலவோடு சம்பந்தப்பட்டது. இது பெரிதாக மாறாது என்பதால் மற்றவற்றை இதோடு ஒப்பிட்டுச் சொல்வது வழக்கம். கட்டிக்குள் இதுவும் மாறக் கூடும் என்பதால் நல்ல பக்கத்து மூளையையும் அளந்து ஒப்பிடுவார்கள். அதற்கு அடுத்து 3.2 இல் கோலின். கலமென்சவ்வு கட்டப்படுவதிலும் உடைவதிலும் வரும் பொருட்கள் இங்கே சேரும். கலங்கள் வேகமாகப் பெருகினால் புதிய சவ்வு நிறைய வேண்டும், கோலின் கொம்பு உயரும்.

நல்ல மூளையில் இடமிருந்து வலமாகப் பார்த்தால் கோலின், கிரியேட்டின், என்.ஏ.ஏ. என்று படிப்படியாக ஏறிக்கொண்டு போகும். நான் வேலை பழகிய காலத்தில் ஒரு மூத்த ரேடியோலொஜிஸ்ட் (ஸ்கான்களை வாசிக்கும் வைத்தியர்) தன் பேனையை எடுத்து அந்தக் கொம்புகளின் நுனியில் சாய்த்து வைப்பார். பேனை வலப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்தால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். பேனை மற்றப் பக்கம் சாய்ந்தால், அதாவது கோலின் உயர்ந்து என்.ஏ.ஏ. விழுந்திருந்தால், கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு உட்காருவார். இதற்கு ஹன்டர் கோணம் என்று பெயரே உண்டு.

இன்னும் சில கொம்புகள் உண்டு. 1.3 இல் இரட்டைக் கொம்பாக வருவது லக்டேட். ஒட்சிசன் போதாத இடத்திலும், சீனியை அவசரமாக எரிக்கும் கட்டியிலும் இது தெரியும். ஆனால் அதே இடத்தில், 0.9 இலும் 1.3 இலும், செத்த திசுவின் கொழுப்பும் வந்து நிற்கும். எது எது என்று எப்படிப் பிரிப்பது? அளவிடும் நேரத்தை 144 மில்லிசெக்கனுக்கு மாற்றினால் லக்டேட் கோட்டுக்குக் கீழே தலைகீழாகக் கவிழ்ந்து தொங்கும். கொழுப்பு அப்படிக் கவிழாது. திரையில் அந்த இரட்டைக் கொம்பு கவிழ்ந்து வருவதை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

1.5 இல் அலனின் தெரிந்தால், மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்விலிருந்து வரும் மெனிஞ்சியோமாவை நினைப்பார்கள். பெரும்பாலும் அது புற்றல்லாத கட்டி.

கோலின் கூட என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் கான்சர்தானா?

இல்லை, அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கலங்கள் பெருகும் இடம், அழற்சி உள்ள இடம், நரம்பு உறை கழன்றுபோகும் நோய் உள்ள இடம் என்று எதிலும் கோலின் கூடும். கைக்குழந்தையின் மூளையில் இயல்பாகவே கோலின் கூட, என்.ஏ.ஏ. குறைவு. அது வளரும் மூளை, அவ்வளவுதான். பெரியவருக்குச் சொல்லும் கணக்கைப் பிள்ளைக்குப் போடக் கூடாது. ரிப்போர்ட்டை ஃபோனில் படம் பிடித்து வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பி, அவர் இணையத்தில் தேடி "கோலின் கூடினால் கான்சர்" என்று பதில் போட்டு, வீடே இரவு முழுக்க அழுதிருந்ததை நான் அறிவேன். ஒரு கொம்பை வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. படம், வயது, நோயின் கதை, இரத்தப் பரிசோதனை எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம்.

மூளைக் கட்டியில் இது உண்மையாக எங்கே கைகொடுக்கிறது?

நான் பார்த்த வரையில் நான்கு இடங்களில்.

ஒன்று, தொடக்கத்தில் சொன்ன வளையக் கட்டி. சீழ்க்கட்டி என்றால் பக்டீரியாவின் வேலையால் வரும் அசிட்டேட், சக்சினேட், அமினோ அமிலங்கள் தெரியும். புற்றுக்கட்டியில் இவை இப்படி வருவதில்லை. காசநோய்க் கட்டி என்றால் பெரும்பாலும் கொழுப்புக் கொம்பு பெரிதாக நிற்கும். எங்கள் பக்கத்தில் காசநோய் இன்னும் இருக்கிறது என்பதால் இது சின்ன விஷயமில்லை. மாத்திரையால் மாறக்கூடிய ஒன்றுக்கு மண்டையைத் திறக்க வேண்டி வராமல் போகலாம்.

இரண்டு, கட்டி மூளையிலேயே பிறந்ததா, நுரையீரல், மார்பு போன்ற வேறு இடத்திலிருந்து வந்து தங்கியதா என்பது. மூளையில் பிறக்கும் கிளியோமா வேர் விட்ட மாதிரிச் சுற்றிலும் ஊடுருவும். அதனால் கட்டியின் விளிம்புக்கு வெளியே, வெறும் வீக்கம்போலத் தெரியும் இடத்தில் பெட்டியை (அளக்கும் இடத்தைக் குறிக்கத் திரையில் வைப்பது) வைத்து அளந்தாலும் கோலின் கூடியிருக்கும். வெளியிலிருந்து வந்த கட்டி பெரும்பாலும் எல்லையோடு நிற்கும், சுற்றியுள்ளது உண்மையான நீர்வீக்கம் மட்டும்.

மூன்று, சோதனைக்குத் திசு எடுக்க எங்கே ஊசி போடுவது என்பது. ஒரு பெரிய கட்டி முழுவதும் ஒரே சீராக இருக்காது. ஒரு மூலை மெதுவாக வளரும், இன்னொரு மூலை மூர்க்கமாக வளரும், நடுப்பகுதி செத்துப் போயிருக்கும். செத்த இடத்தில் திசு எடுத்தால் ஒன்றும் தெரியாது, மெதுவான மூலையில் எடுத்தால் நோயைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம். பல சிறு பெட்டிகளாகப் பிரித்து எடுக்கும் ஸ்பெக்ட்ரோஸ்கோபியில் கோலின் மிகக் கூடிய இடத்தை நிறத்தில் காட்டலாம். அங்கே குறிவைக்கலாம்.

நான்காவதுதான் குடும்பங்களை அதிகம் வதைக்கிற கேள்வி. சத்திரசிகிச்சை முடிந்து, கதிர்ச் சிகிச்சையும் முடிந்து, சில மாதம் நன்றாக இருந்தவருக்குத் திரும்ப எடுத்த ஸ்கானில் அதே இடத்தில் ஏதோ ஒளிர்கிறது. கட்டி திரும்ப வந்துவிட்டதா, அல்லது கதிர்வீச்சால் அந்த இடத்துத் திசு செத்துப் புண்ணாகியிருக்கிறதா? படத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. கட்டி திரும்பியிருந்தால் கோலின் எழும். கதிர்ப் புண் என்றால் எல்லாக் கொம்பும் படுத்து, கொழுப்பும் லக்டேட்டும் மட்டும் நிற்கும். இரண்டும் கலந்திருக்கிற ஆட்களும் உண்டு, அப்போது கோடும் கலங்கலாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் இரத்தவோட்ட ஸ்கானையும் சேர்த்துப் பார்ப்பார்கள், அல்லது ஆறு, எட்டுக் கிழமை விட்டுத் திரும்ப எடுப்பார்கள். காத்திருக்கச் சொன்னால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மாற்றத்தைப் பார்ப்பதுதான் அங்கே பரிசோதனை.

அப்படியென்றால் பயொப்சி (திசு எடுத்துச் சோதிப்பது) தேவையில்லையே?

தேவை. இதை நான் யாரிடமும் மழுப்பிச் சொல்வதில்லை. என்ன புற்று, எந்தத் தரம், எந்த மருந்து கேட்கும் என்பதற்கெல்லாம் திசுவை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும், மரபணுச் சோதனை செய்ய வேண்டும். மூளைத் தண்டு போன்ற ஆபத்தான இடங்களில் வைத்தியக் குழு பயொப்சியைத் தவிர்த்து முடிவெடுக்கலாம். அது அவர்கள் எடுக்கும் முடிவு.

"கத்தி பட்டால் கான்சர் பரவும்" என்ற பேச்சு எங்கள் ஊரில் இன்னும் போகவில்லை. ஊசி போட்டுத் திசு எடுப்பதால் புற்று பரவுவது மிக மிக அரிது. அந்தப் பேச்சை நம்பி மாதக்கணக்கில் பிந்துவதால் பரவுவது அரிது அல்ல.

வரிசை முக்கியம். ஸ்பெக்ட்ரோஸ்கோபி தேவை என்றால் பயொப்சிக்கு முன் எடுப்பது நல்லது. ஊசி போன இடத்தில் இரத்தமோ காற்றோ தங்கினால் காந்தப்புலம் குழம்பி, கோடு புல்லுத் தரை மாதிரி வரும். ஒருதரம் பயொப்சி முடிந்து மூன்றாம் நாள் ஒருவர் ஸ்பெக்ட்ரோவுக்கு வந்தார். மூன்று இடத்தில் பெட்டியை வைத்துப் பார்த்தும் ஒன்றும் தேறவில்லை. அவர் பருத்தித்துறையிலிருந்து விடிய நான்கு மணிக்கு வெளிக்கிட்டு வந்தவர்.

ரிப்போர்ட்டில் ஐ.டி.எச்., 2-எச்.ஜி. என்று எழுதியிருந்தது. அது என்ன?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை இது. 2008 இல் மூளைக் கிளியோமாக்கள் சிலவற்றில் ஐ.டி.எச். என்ற மரபணு மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மாறிய மரபணு உள்ள கலங்கள் 2-ஹைட்ரொக்சி குளுட்டரேட், சுருக்கமாக 2-எச்.ஜி., என்ற பொருளைக் குவிக்கும். நல்ல மூளையில் அது இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்குச் சொற்பம். 2012 இல், மண்டையைத் திறக்காமல் ஸ்பெக்ட்ரோஸ்கோபியால் அதை 2.25 இல் பிடிக்கலாம் என்று வெவ்வேறு குழுக்கள் காட்டின. வெளியே நின்றபடி கட்டியின் மரபணுவைப் பற்றி ஒரு சேதி கேட்டுவிடலாம் என்பது, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நினைத்தும் பார்க்காத ஒன்று.

ஐ.டி.எச். மாறிய கிளியோமா உள்ளவர்கள் பொதுவாக, மாறாத வகை உள்ளவர்களைவிட நீண்ட காலம் வாழ்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்படுத்தலில் இந்த மாற்றம் இருக்கிறதா இல்லையா என்பதே பெயரைத் தீர்மானிக்கிறது. 2024 இல் அமெரிக்காவில் இந்த மாற்றத்தையே குறிவைக்கும் வொரசிடெனிப் என்ற மாத்திரைக்கு, மெதுவாக வளரும் கிளியோமாக்களுக்காக அனுமதி கிடைத்தது.

ஆனால் 2-எச்.ஜி. நிற்கும் இடத்திலேயே குளுட்டமேட்டும் குளுட்டமினும் வந்து முட்டும். பிரித்தெடுக்கத் தனி அளவீட்டு முறையும், முடிந்தால் 3 டெஸ்லாவும் வேண்டும். கட்டி சிறிதென்றால் இருந்தும் தெரியாமல் போகலாம். தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது.

மூளைக்கு வெளியே பாவிக்கிறார்களா?

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரொஸ்டேட் சுரப்பியில் பாவித்தார்கள். நல்ல புரொஸ்டேட் நிறைய நாகத்தை, அதாவது துத்தநாகத்தை, சேர்த்து வைத்திருக்கும். நாகம் ஒரு நொதியைத் தடுப்பதால் சிட்ரேட் எரியாமல் குவியும். புற்று வந்தால் நாகம் போகும், சிட்ரேட் விழும், கோலின் எழும். கோட்டில் இது அழகாகத் தெரியும். 2012 இல் வந்த புரொஸ்டேட் எம்.ஆர்.ஐ. வழிகாட்டியில் இதற்கு இடம் இருந்தது. 2015 இன் இரண்டாவது பதிப்பில் விட்டுவிட்டார்கள். நேரம் எடுக்கிறது, எல்லா இடத்திலும் ஒரே தரத்தில் செய்ய முடிவதில்லை, மற்ற எம்.ஆர்.ஐ. முறைகளே போதுமானவையாகிவிட்டன. உங்கள் அப்பாவுக்கு ஸ்பெக்ட்ரோ எழுதவில்லை என்றால் வைத்தியத்தில் குறை என்று எண்ண வேண்டாம்.

மார்பிலும் கோலினைத் தேடுவார்கள். பால் கொடுக்கும் தாயின் மார்பிலும் கோலின் வரக் கூடும் என்பதால் கவனம் வேண்டும். அது வழக்கமான பரிசோதனை ஆகவில்லை.

வாய்ப் புற்றுநோய்க்கு எடுக்கலாமா? அப்பா வெற்றிலையோடு புகையிலை போடுவார்.

வாயில் இது சரிவராது. பல்லில் அடைத்த உலோகம், காற்று, எச்சில் விழுங்கும் அசைவு எல்லாம் கோட்டைக் கெடுக்கும். அங்கே இதற்குத் தேவையும் இல்லை. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்று வாய்ப்புற்றுதான். அதைப் பிடிக்கக் கோடி ரூபாய் இயந்திரம் வேண்டாம், ஒரு டோர்ச் போதும். வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு, இரண்டு மூன்று கிழமையில் ஆறாத புண், வாய் திறப்பது குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

கட்டி சீனியைத் தின்னுமாமே. சோறு நிற்பாட்டலாமா?

நிற்பாட்ட வேண்டாம். இந்தக் கதைக்கு ஒரு உண்மையான வேர் உண்டு. 1920களில் ஒட்டோ வார்பேர்க், புற்றுக்கலங்கள் ஒட்சிசன் இருக்கும்போதும் குளுக்கோசை லக்டேட் ஆக்கித் தள்ளுகின்றன என்று கண்டார். அந்த லக்டேட்டைத்தான் கோட்டில் பார்க்கிறோம். இப்போது அதை ஓடுகிறபடியே பார்க்கவும் முடிகிறது. ஒரு பொருளில் விசேட காபனை வைத்து, ஏறக்குறைய மைனஸ் 272 பாகையில் குளிர்த்தி, அதன் சத்தத்தைப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் கூட்டலாம் என்று 2003 இல் காட்டினார்கள். குளுக்கோஸ் உடையும்போது வரும் பைருவேட்டை அப்படிச் செய்து, உருக்கி உடனே ஊசியில் ஏற்றினால், ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் கட்டி அதை லக்டேட் ஆக்குவதைத் திரையில் காணலாம். மனிதரில் முதல் ஆய்வு கலிபோர்னியாவில் 31 புரொஸ்டேட் புற்று நோயாளிகளிடம் நடந்து 2013 இல் வெளிவந்தது. இன்னும் ஆய்வு நிலையங்களில்தான் இருக்கிறது.

ஆனால் நீங்கள் புட்டும் சோறும் நிற்பாட்டினாலும் உடம்பு இரத்தத்தில் குளுக்கோசைக் குறையவிடாது, தசையைக் கரைத்தாவது கொடுக்கும். கட்டி பட்டினி கிடக்காது, அப்பாதான் பட்டினி கிடப்பார். மெலிந்துபோனவருக்கு மருந்தைத் தாங்குவது கஷ்டம். நீரிழிவு இருந்தால் அதற்குச் சொன்ன அளவோடு சாப்பிடட்டும். மற்றவர்களுக்கு ஆசைப்பட்ட கூழைக் காய்ச்சிக் கொடுங்கள்.

ஏன் எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை?

பெட்டி ஒரு சென்ரிமீற்றருக்கும் இரண்டு சென்ரிமீற்றருக்கும் இடைப்பட்ட பக்கம் கொண்டதாக இருக்க வேண்டும். கட்டி அதைவிடச் சிறிதென்றால் நல்ல திசுவும் சேர்ந்து அளக்கப்படும். மண்டையோட்டுக்கு அருகில் என்றால் தோலின் கொழுப்பு உள்ளே கசியும். மூக்குக் குழிக்கு மேலே என்றால் காற்று கெடுக்கும். இரத்தக்கசிவும் சுண்ணாம்பு படிந்த கட்டியும் அப்படியே. ஆள் அசைந்தால் எல்லாம் போயிற்று.

உடம்பில் செல் (எறிகணை) துண்டு இருக்கிறது. உள்ளே போகலாமா?

இதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். வேறு ஊர்களில் இந்தக் கேள்வி எப்போதாவது வரும். எங்களிடம் எப்போதும் வரும்.

செல் துண்டு பெரும்பாலும் உருக்கு. காந்தம் அதை இழுக்கும், திருப்பும், சூடாக்கவும் கூடும். கண்ணுக்குள், முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில், பெரிய இரத்தக்குழாய்க்கு அருகில் இருந்தால் உயிருக்கும் பார்வைக்கும் ஆபத்து. பல வருடமாகத் தசைக்குள் இறுகிப்போனது என்றால், எக்ஸ்ரே எடுத்து இடத்தைப் பார்த்து ரேடியோலொஜிஸ்ட் அனுமதிக்கலாம். அதை அவர்தான் முடிவெடுக்க வேண்டும், நீங்களோ நானோ அல்ல.

ஒரு ஐயாவிடம் படிவத்தை வாசித்து வாசித்துக் கேட்டேன். பேஸ்மேக்கர் இல்லை, ஒப்பரேசன் இல்லை, உடம்பில் இரும்பு ஒன்றும் இல்லை. சேட்டைக் கழற்றும்போது தோளுக்குப் பின்னால் ஒரு பழைய தழும்பு தெரிந்தது. "இது என்ன ஐயா?" என்றேன். "அது 95 இல செல்லடியில பட்டது தம்பி. அது சும்மா கிடக்கு, நோவில்லை." எக்ஸ்ரேயில் மூன்று துண்டுகள், ஒன்று முள்ளந்தண்டுக்கு இரண்டு விரல் பக்கத்தில். அவர் பொய் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கூடவே இருந்ததை இரும்பு என்று அவர் நினைப்பதே இல்லை. ஆகவே பிள்ளைகள்தான் ஞாபகப்படுத்த வேண்டும். பேஸ்மேக்கர், மூளையில் போட்ட கிளிப், காதுக்குள் வைத்த கருவி இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள், அதன் அட்டையைக் கொண்டு வாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து இதற்கு எப்படி ஆயத்தமாவது?

எம்.ஆர்.ஐ. இருக்கும் இடமெல்லாம் ஸ்பெக்ட்ரோஸ்கோபி இருக்கும் என்றில்லை. அதற்குத் தனி மென்பொருள் வேண்டும், எடுக்கப் பழகிய ஆள் வேண்டும், வாசிக்கத் தெரிந்த ரேடியோலொஜிஸ்ட் வேண்டும். பதிவு செய்யும்போதே "ஸ்பெக்ட்ரோவும் சேர்த்து எழுதியிருக்கு, செய்வீங்களா?" என்று கேளுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவிலோ கிளினிக் இருந்தால் அங்கேயே கேட்டு, எங்கே அனுப்புவார்கள் என்று அறியுங்கள். தெல்லிப்பழை வைத்தியசாலைக்காக 2011 இல் நாட்டின் தென்முனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி சேர்த்தார்கள். அந்தச் சேவை இருக்கும்போது, தொடங்கும்போதே நேரே கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

கொழும்புக்கோ மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கோ போகச் சொன்னால், ஏறக்குறைய 400 கிலோமீற்றர் பயணம். மூளைக்கட்டி உள்ளவரை இரவு பஸ்ஸில் நித்திரை இல்லாமல் கொண்டுபோனால் வலிப்பு வரலாம். முதல் நாளே போய் ஒரு இரவு தங்க முடிந்தால் நல்லது. வலிப்பு மாத்திரையையும், வீக்கத்துக்குக் கொடுத்த டெக்ஸாமெதசோனையும் பயணத்துக்காக நிறுத்தவே கூடாது. பழைய ஸ்கான்கள் பதிந்த சீ.டி. தட்டுகளைக் கட்டாயம் கொண்டுபோங்கள். தாளை மட்டும் கொண்டுபோனால் ஒப்பிட முடியாது.

எவ்வளவு நேரம்? ஊசி உண்டா? தாலிக்கொடியைக் கழற்ற வேண்டுமா?

வழக்கமான எம்.ஆர்.ஐ. அரை மணி முதல் முக்கால் மணி வரை. ஒரு பெட்டி ஸ்பெக்ட்ரோவுக்கு அதற்கு மேல் ஐந்து நிமிடம் அளவில், பல பெட்டி என்றால் இன்னும் கொஞ்சம். ஸ்பெக்ட்ரோவுக்கென்று ஊசி இல்லை. எம்.ஆர்.ஐ. படத்துக்குக் கடோலினியம் என்ற மருந்தை ஏற்றுவதென்றால், சிறுநீரக நோய் இருப்பதை முன்பே சொல்லுங்கள். சத்தம் பலமாக இருக்கும், காதுக்குப் பஞ்சு தருவோம். கையில் ஒரு பந்து தருவோம், ஏலாவிட்டால் அமத்தலாம்.

தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் கொடியில் பின்னோ, கலப்பு உலோகமோ இருக்கலாம், சூடாகலாம், படத்தையும் கெடுக்கும். அதனால் கழற்றச் சொல்கிறோம். பலருக்கு அது மனதுக்குக் கஷ்டம் என்று தெரியும். தாதியிடம் கொடுக்க மனமில்லாவிட்டால் கூட வந்த மகளிடமோ தங்கையிடமோ கொடுங்கள். ஒரு அம்மா கணவரையே வாசலுக்குக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். ஐம்பது நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தபோது, அவர் வாங்கில் இருக்காமல், இரண்டு கையையும் பொத்தியபடி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.